ஓடும்போதே ஆஃப் ஆகுதா பழைய கார்? பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி இதைக் கவனிங்க!

காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. கடைக்குப் போய் வரும்வரை ஒரு பிரச்னையும் இல்லை. ஆனால் வெயில் ஏறிய பிறகு, ஜி.எஸ்.டி. சாலையில் குரோம்பேட்டையைத் தாண்டும்போது யாரோ சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி இன்ஜின் நின்றுவிடுகிறது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. கால் மணி நேரம் கழித்து, எதுவுமே நடக்காத மாதிரி மறுபடி ஸ்டார்ட் ஆகிறது.

பழைய கார் இருக்கிற வீடுகளில் இது தெரிந்த கதைதான். எங்கள் வீட்டிலும் நடந்தது. 2007 மாடல் பெட்ரோல் கார். முதல் தடவை பெட்ரோல் பங்க் வாசலில் நின்றது, சிரித்துக்கொண்டோம். மூன்றாவது தடவை நின்றது கத்திப்பாரா மேம்பாலத்தின் வளைவில். பின் சீட்டில் கண் ஆபரேஷன் முடிந்து, ஒரு கண்ணில் கட்டோடு பாட்டி. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அதற்குள் மூன்று ஒர்க் ஷாப் பார்த்திருந்தோம். ஒருவர் பிளக் மாற்றினார். இன்னொருவர் பெட்ரோல் ஃபில்டர். மூன்றாமவர் பம்பையே மாற்றினார். மொத்தம் பதினாலாயிரம் ரூபாய். கார் மட்டும் அதன் இஷ்டத்துக்கு நின்றுகொண்டே இருந்தது.

ஏன் கண்டுபிடிக்க முடியல?

எப்போதும் ஸ்டார்ட் ஆகாத காரைச் சரிசெய்வது சுலபம். கோளாறு அங்கேயே, கண் முன்னால் இருக்கும். விட்டு விட்டு நிற்கிற கார் அப்படியில்லை. ஒர்க் ஷாப் வாசலுக்குப் போகும்போது அது ஆரோக்கியமாக இருக்கும். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற குழந்தை மாதிரி!

மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பார். "நல்லாத்தானே சார் ஓடுது" என்பார். நாம் விடமாட்டோம். ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று நிற்போம். அவரும் அனுபவத்தில் தோன்றுகிற ஒரு பார்ட்டை மாற்றிக் கொடுப்பார். இதில் அவரை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? கார் எப்போது, எப்படி நின்றது என்று நாம் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதில்லை. "திடீர்னு நின்னுடுச்சு" என்பதோடு முடித்துக்கொள்கிறோம்.

நான்காவதாக நாங்கள் போனது பெருங்களத்தூர் பக்கம் ஒரு சின்ன ஷெட். அங்கிருந்த மெக்கானிக் அண்ணன் பானெட்டையே திறக்கவில்லை. கேள்வியாகக் கேட்டார். "நிக்கும்போது ஜெர்க் அடிச்சு நிக்குதா, இல்ல பட்டுன்னு கட் ஆகுதா? எவ்ளோ நேரம் ஓடின பிறகு? திரும்ப எடுக்க எவ்ளோ நேரம் ஆகுது? டேங்க்ல எவ்ளோ இருந்துச்சு?"

அப்பாவுக்குப் பாதிக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. "அடுத்த தடவை நின்னா எழுதிட்டு வாங்க. அதுவரைக்கும் காச செலவு பண்ணாதீங்க. தூரமா எங்கயும் எடுத்துட்டுப் போகவும் வேணாம்" என்று அனுப்பிவிட்டார்.

முதல்ல உயிர்: நடுரோட்டில் நின்னா என்ன செய்யணும்?

இன்ஜின் நின்றதும் பிரேக் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். பிரேக் போகாது. ஆனால் மிதியை லேசாக்கித் தரும் பூஸ்டர், இன்ஜின் உறிஞ்சும் காற்றால் வேலை செய்வது. இன்ஜின் நின்ற பிறகு ஒன்றிரண்டு அழுத்தலுக்குத்தான் அந்த உதவி மிச்சமிருக்கும். விட்டு விட்டு அமுக்கினால் அதுவும் தீர்ந்துவிடும். அதனால் ஒரே சீராக, அழுத்தமாக மிதியுங்கள். பவர் ஸ்டீயரிங்கும் கல்லாகக் கனக்கும். இரண்டு கையாலும் பலமாகத் திருப்பினால் திரும்பும்.

முக்கியமான ஒன்று: பதற்றத்தில் சாவியை உருவிவிடாதீர்கள். உருவினால் ஸ்டீயரிங் லாக் ஆகிவிடும். ஹசார்டு லைட்டைப் போட்டு, கார் உருளும் வேகத்திலேயே இடது ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். உருளும்போதே நியூட்ரலில் போட்டு ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். ஓரம் கட்டிய பிறகு, மேம்பாலம் என்றால் காருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டாம். எல்லோரும் இடது பக்கக் கதவு வழியாக இறங்கிச் சுவரை ஒட்டி நில்லுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் உதவிக்கு 1033.

ரயில்வே கேட்டில் நின்றால்? முதலில் எல்லோரையும் இறக்கிவிடுங்கள். பிறகுதான் கார். பழைய மேனுவல் கார்களில் முதல் கியரைப் போட்டு, கிளட்சை மிதிக்காமல் செல்ஃப் அடித்தால் ஸ்டார்டர் மோட்டாரே காரைக் கொஞ்ச தூரம் இழுத்துவிடும். கிளட்ச் மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும் என்கிற வகைக் கார்களில் இது நடக்காது.

பட்டுனு நின்னுதா? இழுத்து இழுத்து நின்னுதா?

பெட்ரோல் இன்ஜினுக்குத் தேவை காற்று, பெட்ரோல், தீப்பொறி. இந்த மூன்றையும் சரியான நேரத்தில் சேர்த்துவைக்க ஒரு கம்ப்யூட்டர், அதற்குக் கண்ணாகச் சில சென்சார்கள். இதில் எது கைவிட்டது என்பதை இன்ஜின் நிற்கும் விதமே காட்டிக்கொடுக்கும்.

எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஸ்விட்சை அணைத்தது போல நின்றால் சந்தேகம் கரன்ட் பக்கம். மெயின் ரிலே, சாவி ஸ்விட்ச், காயில், கிராங்க் சென்சார் இவற்றில் ஒன்று. மாறாக, பிக்கப் குறைந்து, மிஸ்ஸிங் ஆகி, இரண்டு மூன்று ஜெர்க் அடித்து நின்றால் பெட்ரோல் பக்கம். பம்ப் நின்றாலும் பைப்பில் மிச்சமிருக்கும் பிரஷர் ஒன்றிரண்டு நொடி தாக்குப்பிடிக்கும். அதனால்தான் அந்தத் தடுமாற்றம். நூற்றுக்கு நூறு இப்படித்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். நின்ற நொடியில் டேஷ்போர்டு லைட், பாட்டு, எல்லாமே அணைந்ததா? அப்படியென்றால் பேட்டரி டெர்மினல், எர்த் ஒயர், சாவி ஸ்விட்ச். இன்ஜின் மட்டும் நின்று, பாட்டு ஓடிக்கொண்டே இருந்ததா? பெரும்பாலும் அவற்றை விட்டுவிடலாம்.

சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும்

எங்கள் கார் நான்காவது தடவை நின்றபோது அப்பா போனில் குறித்துவைத்தார்: 'மதியம் 1.40. ஏ.சி. ஆன். 45 நிமிஷம் ஓடிய பிறகு. பட்டென்று நின்றது. பாட்டு ஓடியது. செல்ஃப் எடுத்தது, ஸ்டார்ட் ஆகவில்லை. ஆர்.பி.எம். முள் அசையவில்லை. 20 நிமிஷம் கழித்து ஒரே செல்ஃபில் ஸ்டார்ட்.'

ஷெட்டில் இதைப் படித்துக் காட்டியதும் அண்ணன் சிரித்தார். "கிராங்க் சென்சார் தம்பி. ஆனா சும்மா மாத்தக்கூடாது, நின்னாத்தான் நிச்சயமா சொல்ல முடியும்."

கிராங்க் சென்சார் என்பது கட்டைவிரல் அளவுச் சாமான். இன்ஜினின் சுழலும் தண்டு இப்போது எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. பழைய கார்கள் பலவற்றில் அதற்குள் இருப்பது ஒரு காந்தமும், அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியும்தான்.

பல வருஷம் இன்ஜின் சூட்டில் வெந்து, அந்தக் கம்பியில் எங்காவது ஒரு நுண்ணிய விரிசல் விழுகிறது. குளிர்ந்திருக்கும்போது விரிசலின் இரு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும். சூடாகி விரிந்ததும் பிரிந்துவிடும். சிக்னல் வரவில்லை என்றால் இன்ஜின் சுற்றவில்லை என்றே கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிறது. தீப்பொறியையும் பெட்ரோலையும் ஒரே நேரத்தில் நிறுத்திவிடுகிறது. ஆறியதும் விரிசல் மூடிக்கொள்ள, கார் மறுபடி ஓடுகிறது. ஒர்க் ஷாப் போகும்போது எல்லாம் நார்மல்.

ஆர்.பி.எம். முள் இங்கேதான் உதவும். பல கார்களில் அந்த முள்ளை ஆட்டுவதும் இதே சிக்னல்தான். கார் கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தாலோ, செல்ஃப் அடிக்கும்போது துளிகூட அசையாவிட்டாலோ கிராங்க் சென்சார் மீது சந்தேகம் வலுக்கும்.

அண்ணன் செய்த சோதனை எளிமையானது. காரை ஏ.சி. போட்டு ஷெட்டிலேயே ஐடிலில் ஓடவிட்டார். ஐம்பது நிமிஷம் போல ஆனதும் நின்றது. செல்ஃப் அடித்தார், ஸ்டார்ட் ஆகவில்லை. ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக அந்தச் சென்சார் மேல் மட்டும் ஊற்றினார். மறுபடி சாவியைத் திருப்பினார். உடனே ஸ்டார்ட்! அதற்குப் பிறகுதான் புது சென்சார் வாங்கிவரச் சொன்னார். (இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். கொதிக்கும் இன்ஜினில் தண்ணீர் எங்கே படக்கூடாது என்று தெரிந்தவர் கைக்குத்தான் அது சரி.)

சூட்டில் நிற்பதெல்லாம் கிராங்க் சென்சார்தான் என்று முடிவுகட்டிவிடவும் வேண்டாம். இக்னிஷன் காயில், பெட்ரோல் பம்ப் மோட்டார், மெயின் ரிலேவுக்குள் விட்டுப்போன ஈயப் பற்று, இவையும் இதே வித்தையைக் காட்டும்.

அம்பாசடர், பத்மினி, ஆரம்பகால மாருதி 800 போன்ற கார்புரேட்டர் வண்டி என்றால் கதை வேறு. அங்கே பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகிக் குமிழ் கட்டும். பம்பால் அதை இழுக்க முடியாது. அந்தக் காலத்து டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றி ஓட்டியது இதற்காகத்தான்.

சிக்னலில் மட்டும் நிக்குதா?

ஓடும்போது நன்றாக ஓடி, கிளட்சை மிதித்து வேகம் குறைக்கும்போது மட்டும் ஆஃப் ஆனால் பெரும்பாலும் காற்றுப் பக்கம். ஆக்சிலேட்டரில் கால் இல்லாதபோது இன்ஜினுக்குத் தேவையான கொஞ்சக் காற்றை அளந்து கொடுக்க ஒரு ஐடில் வால்வு இருக்கிறது. அதிலும் த்ராட்டில் பாடியிலும் கரி படிந்தால் மூச்சு முட்டும். ஏ.சி. கம்ப்ரஸர் சேரும் நொடியில் நின்றால் இதையே முதலில் பாருங்கள்.

சுத்தம் செய்தாலே பல நேரம் சரியாகிவிடும். செய்த பிறகு சில கார்களில் ஐடில் ஏறி இறங்கும். கம்ப்யூட்டர் புது அளவைப் பழகிக்கொள்ள வேண்டும். சில கார்களில் அதை ஸ்கேனர் வைத்துத்தான் செட் செய்ய முடியும். விரிசல் விட்ட வேக்கம் ஹோஸும் இதே அறிகுறியைக் காட்டும். காதை வைத்துக் கேட்டால் 'உஸ்ஸ்' சத்தம் வரும்.

சாவிக்கொத்தில் எத்தனை சாவி?

பள்ளத்தில் இறங்கும்போது, வேகத்தடையில் ஏறும்போது நின்றால் எங்கோ ஒரு ஒயர் ஆடுகிறது என்று அர்த்தம். முதலில் பேட்டரி டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள். திரும்பவே கூடாது. அடுத்தது, இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை. துருப்பிடித்திருந்தால் விளக்கெல்லாம் நன்றாக எரியும், இன்ஜின் மட்டும் தடுமாறும்.

மூன்றாவது, யாரும் சந்தேகப்படாத சாவி ஸ்விட்ச். காரை நிறுத்தி, ஐடிலில் ஓடவிட்டு, சாவியைத் திருப்பாமல் லேசாக ஆட்டிப் பாருங்கள். இன்ஜின் தடுமாறினால் ஸ்விட்ச் தேய்ந்துவிட்டது. வீட்டுச் சாவி, பீரோ சாவி, பைக் சாவி எல்லாவற்றையும் கார் சாவியோடு கோத்துத் தொங்கவிடும் பழக்கம் இந்தத் தேய்மானத்துக்கு உதவும்.

இது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014-ல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இந்த ஸ்விட்சுக்காகத்தான். லேசான குலுக்கலிலோ, சாவிக்கொத்தின் கனத்திலோ சாவி தானாகவே நகர்ந்து, ஓடும்போதே இன்ஜின் அணைந்தது. ஏர் பேக்கும் செயலிழந்தது. 124 பேரின் மரணத்துக்கு அந்த நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி பணம் கொடுத்தது. காரைச் சரிசெய்யும் வரை சாவியைத் தனியாக மட்டும் மாட்டி ஓட்டுங்கள் என்பதுதான் அப்போது உரிமையாளர்களுக்குச் சொல்லப்பட்ட முதல் அறிவுரை.

எப்பவும் ரிசர்விலேயே ஓட்டுறீங்களா?

டேங்குக்குள் மூழ்கியிருக்கும் பம்புக்குக் குளிர்ச்சி தருவதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். முள் எப்போதும் சிவப்பிலேயே இருந்தால் பம்ப் சூடாகும், அடியில் தங்கிய கசடும் உள்ளே போகும். கேஸ் கிட் போட்ட கார்களில் இது ரொம்ப சகஜம். பெட்ரோல் டேங்கைக் காலியாகவே வைத்திருப்பார்கள். கேஸில் மட்டும் நிற்கிறதா, பெட்ரோலிலும் நிற்கிறதா என்று ஒரு வாரம் மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். கேஸில் மட்டும் என்றால் கிட் போட்டவரிடம் போனால் போதும்.

பம்பைச் சோதிக்க ஒரு வழி: சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, செல்ஃப் அடிக்காமல் காது கொடுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் பின் சீட் பக்கமிருந்து இரண்டு நொடி 'உய்ங்' என்று சத்தம் வரும். நல்லா இருக்கும்போதே இந்தச் சத்தத்தைப் பழகி வையுங்கள். நின்றபோது அது வரவில்லை என்றால் பம்ப், அதன் ரிலே, ஃபியூஸ் மூன்றில் ஒன்று. ரிலேவைச் சோதிக்க, அதே நம்பர் போட்ட ஹாரன் ரிலே இருந்தால் இடம் மாற்றிப் பார்க்கலாம். செலவே இல்லாத டெஸ்ட்!

டேங்க் மூடியையும் மறக்காதீர்கள். அதன் காற்றுத் துளை அடைத்துக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் வராது. நின்றதும் மூடியைத் திறந்தால் காற்று 'புஸ்' என்று உள்ளே இழுக்கும், கார் ஸ்டார்ட் ஆகிவிடும்.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி: இ20 பெட்ரோலால்தான் நிற்கிறதா? 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-ல் நாடு முழுக்க வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய டேங்கில் ஒட்டியிருக்கும் கசடைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். இதற்கென்று தயாரிக்கப்படாத ரப்பர் ஹோஸ்களைக் காலப்போக்கில் இளக்கும். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது.

அதனால் ஹோஸையும் ஃபில்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் உடனே பார்க்கச் சொல்லுங்கள், அது தீப்பிடிக்கும் விஷயம். ஆனால் 45 நிமிஷத்தில் பட்டென்று நின்று 20 நிமிஷத்தில் தானாக ஓடுகிற காருக்கு எத்தனால் மீது பழி போட்டுவிட்டு சும்மா இருந்துவிடக் கூடாது.

மழை, எலி, டீசல்

மழை பெய்தால் மட்டும் நிற்கிறது என்றால் பிளக் ஒயர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஈரம். இருட்டில் பானெட்டைத் திறந்து ஓடவிட்டுப் பார்த்தால் நீலப் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். கையை மட்டும் கொண்டுபோகாதீர்கள், ஷாக் பலமாக இருக்கும். வாரக்கணக்கில் எடுக்காத காரில் எலி ஒயரைக் கடித்திருக்கலாம். பின்னாளில் சேர்த்த மியூசிக் சிஸ்டம், சென்ட்ரல் லாக், ஃபாக் லேம்ப் ஒயரிங்கில் வெறுமனே டேப் சுற்றிய இணைப்புகளும் சந்தேகத்துக்குரியவை. டீசல் காரில் தீப்பொறிக்கே வேலை இல்லை. அங்கே முதலில் பார்ப்பது ஏர் லாக், டீசல் ஃபில்டர், பழைய வகைகளில் பம்பில் உள்ள ஸ்டாப் சோலினாய்டு.

ஸ்கேனர் போட்டா தெரிஞ்சிடுமா?

சில நேரம் தெரியும். 2013-க்குப் பிறகு வந்த கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனை சாக்கெட் இருக்கும். புளூடூத் ஸ்கேனரை மாட்டினால் போனிலேயே கோளாறு எண் தெரியும். பி0335 என்று வந்தால் கிராங்க் சென்சார் சர்க்யூட். அதற்கு முந்தைய கார்கள் பலவற்றிலும் சாக்கெட் உண்டு, ஆனால் எல்லா ஸ்கேனரும் பேசாது.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கார் நின்றதும் பக்கத்தில் யாராவது வந்து, "பேட்டரி ஒயரக் கழட்டி மாட்டுங்க, சரியாயிடும்" என்பார்கள். பல கார்களில் அப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் சேமித்து வைத்த கோளாறு எண் அழிந்துவிடும். கிடைத்த ஒரே தடயத்தை நாமே துடைத்துவிட்ட கணக்கு. முதலில் ஸ்கேன், அப்புறம்தான் பேட்டரியைத் தொட விடுங்கள்.

எண் வராவிட்டால் கோளாறு இல்லை என்று அர்த்தமில்லை. எங்கள் காரில் ஒரு எண்கூட வரவில்லை. பம்ப் மீது சந்தேகம் இருந்தால், மாற்றுவதற்கு முன் பிரஷர் கேஜ் மாட்டி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பல இன்ஜெக்‌ஷன் கார்களில் சுமார் 3 பார் அளவு இருக்கும். கார் நிற்கும் நேரத்தில் அது சரிகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதே போதும். எங்களிடம் பம்ப் மாற்றியவர் இதைச் செய்யவில்லை, கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

ஒர்க் ஷாப்பில் விடும்போது

போன் நோட்டில் இவ்வளவு இருந்தால் போதும்: நேரம், எவ்வளவு தூரம் ஓடிய பிறகு, என்ன வேகம், ஏ.சி. இருந்ததா, டேங்கில் எவ்வளவு, பட்டென்றா ஜெர்க் அடித்தா, டேஷ்போர்டு எரிந்ததா, பம்ப் சத்தம் வந்ததா, முள் அசைந்ததா, எத்தனை நிமிஷத்தில் திரும்ப எடுத்தது. கூட யாராவது இருந்தால் செல்ஃப் அடிக்கும்போது டேஷ்போர்டை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அவசரமாக வேண்டும் என்று நெருக்காமல், நிற்கும்வரை இரண்டு நாள் வைத்திருந்து பார்க்கச் சொல்லுங்கள். மாற்றுகிற பழைய பார்ட்டைத் திரும்பக் கேளுங்கள். சரியான பார்ட் மாற்றியும் நிற்கிறது என்றால், நல்ல பழையதை மறுபடி மாட்டிப் புதியதைத் திருப்பித் தர முடியுமா என்றும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

காரணம் பிடிபடும்வரை அந்தக் காரை ஓட்டலாமா? தெருமுனைக் கடை வரை, பகலில், தனியாக என்றால் உங்கள் விருப்பம். மேம்பாலம், நெடுஞ்சாலை, இரவுப் பயணம், பின் சீட்டில் குழந்தையோ வயதானவர்களோ என்றால் வேண்டாம். பாட்டியின் அடுத்த செக்கப்புக்கு நாங்கள் ஆட்டோவில்தான் போனோம். சென்சார் மாற்றி ஒரு மாதம் நிற்காமல் ஓடிய பிறகுதான் அப்பா அவரைக் காரில் ஏற்றினார். அன்றைக்கும் கத்திப்பாரா மேல் ஏறவில்லை, கீழே சுற்றிக்கொண்டு போனார்.